கெலிங் என்றது அவர், வேலையை விட்டது நான்

2023 அக்டோபர் 18, புதன்கிழமை. இரவு மணி 11.40 இருக்கும். நைட் ஷிப்ட் தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மலேசியாவில் நான் வேலை பார்த்த கிடங்கின் வாட்சாப் குழுவில் ஒரு குரல்பதிவு வந்து விழுந்தது. 14 வினாடி. ஃபோர்க்லிப்ட் இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை, போனைக் காதோடு ஒட்டிவைத்து மறுபடி கேட்டேன். அன்று மாலை இரண்டு பேலட் வேறு லாரியில் ஏறிவிட்டது, அதைப் பற்றி எங்கள் ஆபரேஷன்ஸ் மேனேஜர் மலாயும், ஹொக்கியன் என்கிற சீன வட்டார மொழியும் கலந்து பேசியிருந்தார்: "கெலிங்கியாவைச் சூப்பர்வைசராகப் போட்டால் இப்படித்தான். எண்ணத் தெரியாது, வாய் மட்டும் நீளம்." குழுவில் 31 பேர். இரண்டு பேர் சிரிக்கும் முகம் போட்டார்கள். மற்றவர்கள் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. 'சீனா பாபி' என்று தட்டி அனுப்பிவிட்டேன். சீனப் பன்றி என்று அர்த்தம். அனுப்பிய கை நடுங்கியது, மனசுக்குள் ஏதோ இறங்கிய மாதிரி ஒரு நிம்மதியும் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், அந்த ஐந்து நிமிடம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் பயம் வந்தது. என் செய்தியை அழித்தேன், குழுவை விட்டு வெளியேறினேன், அந்த உரையாடலையே போனிலிருந்து நீக்கினேன். ஒரே மூச்சில் நான் செய்த இந்த மூன்று காரியத்தால், அவர் பேசியதற்கு என்னிடம் இருந்த சாட்சி போயிற்று. நான் எழுதியதற்கான சாட்சி மட்டும் மற்றவர்கள் போனில் ஸ்கிரீன்ஷாட்டாக இருந்தது. உங்களுக்கு இப்படி நடந்தால் முதலில் போனைக் கீழே வையுங்கள். அப்புறம் எடுத்து, வந்ததை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். பதில் போடுவதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே தமிழரை, பொதுவாக இந்தியரை, மட்டமாகக் குறிக்கிற சொல் கெலிங், ஹொக்கியனில் கெலிங்கியா. கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்தது என்பார்கள். பழைய மலாய் நூல்களில் தென்னிந்தியக் கரையிலிருந்து வந்தவர்களையெல்லாம் கெலிங் என்றே எழுதியிருக்கிறது, அங்கே அதில் இழிவு கிடையாது. மலாக்காவில் கம்போங் கிலிங் மசூதி இருக்கிறது, 1748இல் கட்டியது. பினாங்கில் 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் மசூதி இருக்கிறது. கப்பித்தான் கெலிங் என்றால் தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவர் என்ற பதவிப் பெயர். அந்த மசூதி இருக்கும் தெருவுக்கே இப்போது அதுதான் பெயர். நான் வாரம் இரண்டு தடவை அந்தத் தெரு வழியாக மோட்டாரில் போகிறவன், பெயர்ப் பலகையைப் பார்த்து ஒரு நாளும் மனசு சுருங்கியதில்லை. பிறகு தோட்டக் காலம் வந்தது, ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள், சொல்லின் எடை மாறிப்போயிற்று. கள்ளுக் குடித்த கெலிங் மாதிரி என்று மலாயில் ஒரு பழமொழியே உண்டு. அந்தக் கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள்ளேயே திறந்து வைத்துக் கூலியில் ஒரு பங்கைத் திரும்ப வாங்கிக்கொண்ட துரையைப் பற்றி மட்டும் பழமொழி இல்லை.

நான் சுங்கைப்பட்டாணி பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டமானபோது நாங்கள் பட்டர்வொர்த்துக்கு வந்தோம். பக்கத்து வீட்டில் ஒரு சீனக் கிழவி, நாங்களும் 'ஆமா', அதாவது பாட்டி, என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னை "கெலிங்கியா, வா, சாப்பிட்டியா" என்றுதான் ஹொக்கியனில் கேட்பார். சீனப் பெருநாளுக்கு அவர் பேரனுக்குக் கொடுத்த அதே அளவு அங்பாவ், சிவப்பு உறையில் வைத்த பணம், எனக்கும் கொடுத்தார். பினாங்கு ஹொக்கியனில் இந்தியனுக்கு வேறு சொல் அவருக்குத் தெரியாது. ஆகவே அந்தச் சொல்லைக் கேட்டதும் கொதிக்கிற ஆளாக நான் வளரவில்லை. மேனேஜர் அந்த வேலைக்கு வந்து எட்டு மாதத்தில் என்னை எத்தனையோ முறை அப்படிக் கூப்பிட்டிருந்தார். காலைக் கூட்டத்தில், மற்றவர்களையெல்லாம் பெயர் சொல்லி, என் முறை வரும்போது மட்டும் அந்தச் சொல். நானும் சிரித்துவைத்தேன். எட்டு மாதம் சிரித்துவைத்ததை யாரும் குறித்து வைக்கவில்லை, நானும்தான். தேதி, நேரம், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று ஒரு பத்துக் காசு நோட்டுப் புத்தகத்தில் கிறுக்கியிருந்தால்கூடப் போதுமாக இருந்திருக்கும். பிறகு விசாரணையில் "இதற்கு முன் இப்படி நடந்திருக்கிறதா, எப்போது" என்று கேட்டபோது "அடிக்கடி" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அடிக்கடி என்பது தேதி இல்லை.

வெள்ளிக்கிழமை ஷோ காஸ் கடிதம் வந்தது. எனக்கு மட்டும். குழுவில் இன இழிசொல் பயன்படுத்தியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று காரணம் கேட்டிருந்தார்கள். மேனேஜருக்கு ஏதாவது போயிற்றா என்று கேட்டேன், "அது தனியாகப் பார்க்கப்படும்" என்றார்கள். புதன்கிழமை மனிதவளப் பிரிவோடு சந்திப்பு என்று முடிவாயிற்று.

இடையில் ஐந்து நாள். அந்த ஐந்து நாளில் நான் செய்த முட்டாள்தனத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் படித்தவர்கள்தான் இதை அதிகம் செய்வார்கள் என்று நினைக்கிறேன். எழுத்துமூலமாக ஒரு புகார் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் போதும்: இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன வார்த்தை, 31 பேர் கேட்டார்கள், இதை விசாரியுங்கள். அதைச் செய்யாமல் நான் சரித்திரம் படிக்க உட்கார்ந்தேன். கலிங்கம், மலாய் நூல்கள், கப்பித்தான் கெலிங், கூலிகள், அந்தமானுக்கும் மலாயாவுக்கும் அனுப்பிய கைதிகளின் கால் சங்கிலி 'கிலிங் கிலிங்' என்று ஒலித்ததால் வந்த பெயர் என்கிற கட்டுக்கதை வரை தேடி எடுத்து, 17 பக்கம் பிரிண்ட் போட்டு, கிளிப் மாட்டி எடுத்துப் போனேன். கிளிப் மஞ்சள் நிறம். அதெல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அறையில் மூன்று பேர். மனிதவளத் தலைவர், அவருடைய உதவியாளராக ஒரு தமிழ்ப் பெண், அப்புறம் நான். நான் பேச ஆரம்பித்தேன். ஒரு மணி நேரச் சந்திப்பில் 40 நிமிடம் அந்தச் சொல்லின் பூர்வீகத்தை விளக்கியிருப்பேன். இந்தச் சொல் ஒருகாலத்தில் மரியாதையாக இருந்தது, பிறகு எப்படிக் கெட்டது என்று அடுக்கடுக்காகச் சொன்னேன். தலைவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் அந்த 17 பக்கத்தைத் தன் பக்கம் இழுத்து, இரண்டாம் பக்கத்தில் விரல் வைத்து, "அப்படியென்றால் இது ஒரு இனத்தின் பழைய பெயர் என்று நீங்களே சொல்கிறீர்கள். ஹொக்கியனில் இந்தியன் என்பதற்கு வேறு சொல் இல்லை என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாபி என்ற சொல்லுக்கும் இப்படி ஏதாவது சரித்திரம் உண்டா?" என்று கேட்டார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. என் வழக்கை நானே பிரிண்ட் போட்டு அவர் கையில் கொடுத்திருக்கிறேன்.

இந்தச் சொல் இழிசொல்லா இல்லையா என்கிற வாதம் டீக்கடைக்கு ஏற்றது. விசாரணை அறையில் அதற்குள் காலை விடாதீர்கள். அங்கே பேச வேண்டியது வேறு: 30 பேருக்கும் பெயர் இருக்கிறது, எனக்கு மட்டும் ஏன் இனம்? பேலட் மாறிப்போனதற்கும் என் இனத்துக்கும் என்ன தொடர்பு? "எண்ணத் தெரியாது" என்ற பாதியைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்கினால் அந்தச் சொல்லுக்கு அகராதியில் ஒரு நல்ல அர்த்தத்தைத் தேடிக் கொடுத்துவிட்டு முழு வாக்கியத்தையும் தப்பவிட்டுவிடுவார்கள். சரித்திரம் பேசித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு செய்தி போதும், அதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். சிங்கப்பூரில் கிலிங் தெரு என்று ஒரு தெரு இருந்தது. அங்கிருந்த இந்தியர்கள் அந்தப் பெயர் எங்களை அவமதிக்கிறது என்று எதிர்ப்புச் சொல்லி, 1920களின் தொடக்கத்திலேயே அது சூலியா தெரு என்று மாறியது. "எங்களுக்குத் தெரியாது, நாங்கள் சாதாரணமாகத்தான் சொன்னோம்" என்பவர்களுக்கு நூறு வருடமாகச் சொல்லியிருக்கிறோம் என்று பதில் சொல்லலாம்.

சந்திப்பு முடிந்து வெளியே வந்தபோது அந்தத் தமிழ்ப் பெண் பின்னாலேயே வந்தார். தண்ணி மெஷின் பக்கத்தில் நிறுத்தி, "அண்ணா, இதைப் பெரிசாக்காதீங்க. நீங்க எழுதினது எழுத்துல இருக்கு. அவரு பேசினதுக்கு யாரும் சாட்சி சொல்ல வரமாட்டாங்க. டிஸ்மிஸ்னு போட்டா வேற எங்கயும் வேலை கிடைக்காது. நீங்களே கடிதம் கொடுத்துட்டா ரெக்கார்ட் கிளீனா இருக்கும்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். நான் அப்படியே உட்கார்ந்து அவர் கொடுத்த தாளில் எழுதினேன். 'சொந்தக் காரணங்களுக்காக உடனடியாக விலகுகிறேன்.' ஒன்பது வருட வேலை, ஒரே வரி. தீபாவளிக்கு மூன்று வாரம்கூட இல்லை.

ஒப்பந்தத்தில் 2 மாத நோட்டீஸ் என்று இருந்தது. உடனடியாக விலகியதால் அந்த 2 மாதச் சம்பளத்தை நான்தான் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். சம்பளம் 3,400 வெள்ளி, அதாவது ரிங்கிட், ஆக 6,800 வெள்ளி. கடைசிச் சம்பளத்தையும் மிச்ச லீவுப் பணத்தையும் பிடித்துக்கொண்டு மீதிக்குக் கடிதம் அனுப்பினார்கள். என்னை அவமானப்படுத்தியவருக்கு நான் அபராதம் கட்டிய மாதிரி. கோபத்தில் கொடுக்கிற ராஜினாமாவுக்கு இப்படி ஒரு பில் வரும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. எந்தத் தாளையும் அந்த இடத்திலேயே எழுத வேண்டும், அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. "வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வரலாம்.

வீட்டில் சொல்லவில்லை. இதைச் சொல்லத்தான் எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. 11 நாள் யூனிபார்ம் சட்டையைப் போட்டுக்கொண்டு, பகல் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள் என்று பொய் சொல்லிவிட்டு, பாடாங் கோத்தா கடற்கரைச் சுவரில் போய் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறினால் மாமாக் கடைக்கு, அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்குப் போவேன், தே ஓ ஐஸ் என்கிற பாலில்லாத ஐஸ் தேநீர் ஒன்று வாங்கி இரண்டு மணி நேரம் வைத்துக்கொண்டிருப்பேன். கார் கடன் தவணை வங்கியிலிருந்து போகவில்லை என்று மனைவி போனுக்கு எஸ்எம்எஸ் வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. "வேலை போனது பரவாயில்லைங்க. பதினொரு நாள் இந்தச் சட்டையைத் துவைச்சுப் போட்டேனே, அதைத்தான் தாங்க முடியலை" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. முதல் நாளே சொல்லியிருந்தால் அவர் என்னை வழக்கறிஞரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பார், அதுவும் நிச்சயம்.

வழக்கறிஞரைப் பார்த்தது 2024 ஜனவரி 4. ஆலோசனைக்கு 300 வெள்ளி. நான் கதையை ஆரம்பிக்கும்போதே அவர் "விலகிய தேதி என்ன" என்று கேட்டார். அக்டோபர் 25 என்றேன். மேஜை நாள்காட்டியைப் புரட்டி எண்ணினார். 71 நாள். 1967ஆம் வருடத் தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவில், நியாயமில்லாமல் வேலையை விட்டு அனுப்பினார்கள் என்று முறையிட 60 நாள்தான் அவகாசம். முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை, முதலில் சமரசப் பேச்சுதான், அதற்கு வழக்கறிஞர்கூட வேண்டாம். அந்த 60ஆம் நாள் டிசம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு நான் மச்சான் வீட்டில் குழாய் மாற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அதை ஏனோ வழக்கறிஞரிடமும் சொன்னேன்.

அவர் இன்னொன்றும் விளக்கினார். தானே விலகினாலும் சில சமயம் அது கம்பெனி அனுப்பியதற்குச் சமம் என்று எடுத்துக்கொள்ள வழி இருக்கிறதாம். இருக்கவே முடியாதபடி நடத்தினார்கள் என்று காட்ட வேண்டும். அதற்கு முதலில் எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும், அவர்கள் சரிசெய்ய ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும், சரிசெய்யவில்லை என்றால் தாமதிக்காமல், இந்தக் காரணத்துக்காகத்தான் போகிறேன் என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். நான் எழுதியது 'சொந்தக் காரணங்களுக்காக'. "விலகு, இல்லையென்றால் டிஸ்மிஸ் என்று யாராவது நேராகச் சொன்னார்களா?" என்று கேட்டார். தண்ணி மெஷின் பக்கத்துப் பேச்சைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, அந்தப் பெண் அதைச் சாட்சிக் கூண்டில் சொல்வாரா என்று கேட்டார். ஜெயித்தால் வழக்கமாக வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்று இழப்பீடு, அதுபோக 24 மாதம் வரை பின்சம்பளம் என்று தீர்ப்பாகும். ஜெயித்திருப்பேன் என்று நான் சொல்ல வரவில்லை, பாபி என்று எழுதிய கை என் கை. ஆனால் கதவைத் தட்டிப் பார்க்கவாவது செய்திருக்கலாம். அந்த ஒரு வரியால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் வேலைக் காப்புறுதியும் போயிற்று. மாதாமாதம் என் சம்பளத்தில் பிடித்த பணம்தான் அது, வேலை இழந்தால் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு வரை கொடுப்பார்கள், ஆனால் தானாக விலகியவனுக்குக் கிடையாது.

லேபர் ஆபீசுக்கும் போனேன். 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தில் 69எஃப் என்று புதுப் பிரிவு வந்திருக்கிறது: வேலையிடத்தில் பாகுபாடு என்று தொழிலாளிக்கும் முதலாளிக்கும் தகராறு வந்தால் இலாகா விசாரித்து உத்தரவு போடலாம், உத்தரவை மீறினால் முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம். கவுன்ட்டரில் இருந்த மலாய்ப் பெண்மணி முழுக் கதையையும் கேட்டார். எனக்கு ஒரு மிட்டாய்கூடக் கொடுத்தார், அவர் மேஜையில் ஒரு டப்பா இருந்தது. "வேலையில் இருக்கும்போதே வந்திருக்கலாமே, தம்பி" என்று மலாயில் சொன்னார். அவ்வளவுதான். மூன்று மாதத்தில் இந்த விஷயத்தில் என்னிடம் பரிவாகப் பேசிய ஒரே அரசு ஊழியர் அவர்தான்.

போலீஸ் ரிப்போர்ட் கொடுக்கச் சொல்லி நண்பர்கள் பலர் உசுப்பேற்றினார்கள். கொடுத்தேன். அதற்கு முன் ஒருமுறை யோசித்திருக்க வேண்டும். வாட்சாப்பில் புண்படுத்தும் செய்தி அனுப்பியது என்று வந்தால் 1998ஆம் வருடத் தொடர்புச் சட்டத்தின் 233ஆம் பிரிவு பேசப்படும், அது இரண்டு பக்கமும் வெட்டும். நான் ரிப்போர்ட் கொடுத்தால் அவரும் கொடுப்பார், எழுத்தில் இருப்பது என்னுடையது. ஒரே ஒரு முறை அதிகாரி கூப்பிட்டுப் பேசினார், அப்புறம் மேல் நடவடிக்கை இல்லை என்று தகவல் வந்தது. உண்மையில் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வந்தது. அரசியலமைப்பின் 8ஆம் பிரிவில் இனத்தால் பாகுபாடு கூடாது என்று இருக்கிறதே என்று பலரும் கேட்கிறார்கள். நானும் வழக்கறிஞரிடம் கேட்டேன். அது அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தும், தனியார் கம்பெனிக்கு எதிராக அதைப் பிடிக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறதாம். இனப் பாகுபாட்டுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் கையெழுத்திடப் போவதாக 2018இல் அரசாங்கம் பேச்செடுத்து, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். ஆகவே பெரிய சட்டங்களை நம்பிப் போகாதீர்கள். நோட்டுப் புத்தகம், ஒரு பக்கப் புகார், 60 நாள், இவைதான் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை.

ஐந்து மாதம் வேலையில்லை. போன சம்பளம் 17,000 வெள்ளி, நோட்டீஸ் 6,800, வழக்கறிஞருக்கு 300. இப்போது இருக்கும் வேலையில் மாதம் 2,900தான்.

குரல்பதிவின் கதைக்கு வருகிறேன். வழக்கறிஞர் "அந்தப் பதிவு எங்காவது கிடைத்தால் வாங்கி வையுங்கள், எதற்கும் உதவும்" என்றார். குழுவில் இருந்த தமிழ்ப் பையன்கள் மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவன் அழிந்துவிட்டது என்றான், ஒருவன் போனை எடுக்கவில்லை, மூன்றாமவன் "அண்ணே, எனக்கு இப்பத்தான் பெர்மனன்ட் ஆச்சு" என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நாங்களே எங்களுக்குள் கெலிங், கெலிங் என்று கூப்பிட்டு விளையாடியவர்கள்தான். என் அக்கா மகன்கள் கணினி விளையாட்டில் தோற்றவனை இன்றைக்கும் அப்படித்தான் திட்டுகிறார்கள். நம் ஆள் சொன்னால் தப்பில்லை என்பது அவர்கள் வாதம். அதை மறுக்க எனக்குத் தெம்பில்லை, ஆனால் நாங்கள் உற்சாகமாகக் கூப்பிட்டுக்கொண்டதைக் கேட்டுத்தான் மேனேஜரும் பழகியிருப்பாரோ என்று ஒரு சந்தேகம் இருக்கிறது. அதே பையன்கள் 2011இல் பள்ளி இலக்கியப் பாடநூலில் 'பறையா' என்ற சொல் வந்தது என்று தெருவில் இறங்கியவர்களின் பிள்ளைகள். அந்தப் புத்தகத்தைத் திரும்பப் பெற வைத்தோம். அதே நாங்கள் கல்யாணம் பேசும்போது ஜாதகத்தோடு சாதியையும் சேர்த்துத்தான் கேட்கிறோம். அது தனிக் கதை.

கடைசியில் லோடிங் பகுதியில் வேலை செய்யும் ஒரு பங்களாதேஷ்காரரைக் கேட்டேன். ஆறு வருடம் என் ஷிப்டில் இருந்தவர். பெர்மிட் கம்பெனி கையில் இருப்பவர், எல்லாரையும்விட அவருக்குத்தான் இழப்பதற்கு அதிகம். தயங்காமல் "இருக்கு போஸ், அனுப்பறேன்" என்று மலாயில் சொன்னார். ஒரு நிமிடத்தில் என் போன் அதிர்ந்தது. 14 வினாடிப் பதிவு. அதற்கு மேலே, அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தில், நானே ஆறு வருடம் முன்பு சேமித்து வைத்தது தெரிந்தது: 'பங்களா 3'.

பங்களா 1, பங்களா 2 எல்லாம் ஊர் திரும்பிவிட்டார்கள். இவருக்கும் பெயர் தெரியாமல் இல்லை, வருகையைக் குறிக்கும் மஸ்டர் தாளில் தினமும் டிக் அடித்தவன் நான். ஆனால் வாய்க்கு வந்தது எப்போதும், "டேய் பங்களா, அந்த பேலட்டை இழு." அவரும் சிரித்துவைத்திருக்கிறார். எட்டு மாதம் நான் சிரித்துவைத்தது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

பதிவை வழக்கறிஞருக்கு அனுப்பினேன், அதனால் இனி ஒன்றும் ஆகாது என்று தெரிந்தும். பிறகு அவரைத் திரும்பக் கூப்பிட்டு, உங்கள் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள், போனில் மாற்ற வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார், ஒரு மாதிரி பயந்துவிட்டார். சும்மாதான் என்றேன். பாஸ்போர்ட்டில் இருப்பது ஏஜென்ட் தப்பாக அடித்த பெயராம், மஸ்டர் தாளிலும் அந்தத் தப்புதான் இருந்ததாம். நிஜப் பெயரை அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். இரண்டு முறை தப்பாகத் தட்டினேன். மூன்றாம் முறை சரியாக வந்தது.